கூகுளுக்குத் தெரியாத கூரை

“போன் இருக்கு, மேப் இருக்கு, அப்புறம் என்ன?” அமெரிக்காவில் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களிடம் எந்த வழியாகப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம்மவர்களானாலும் சரி, அந்த ஊர்க்காரர்களானாலும் சரி, பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். தேசியப் பூங்காவில் இடம் பிடிக்க ஆறு மாதம் முன்பே அலாரம் வைத்து எழுந்திருப்பார்கள். தோசை மாவு எத்தனை நாள் தாங்கும், ஃபிரிட்ஜில் எத்தனை டப்பா கொள்ளும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஐந்து டன்னைத் தாண்டும் வண்டி எந்தச் சாலையில் போகலாம், எதில் போகக்கூடாது என்பதை மட்டும் போனிடம் விட்டிருப்பார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரியாமலில்லை. போன் சொன்ன இடத்தில் திரும்பித்தான் வருடக்கணக்காக ஆபீஸ் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம், போய்ச் சேர்ந்தும் விடுகிறோம். ஆனால் அத்தனையும் காரில். கூகுள் மேப்ஸ், ஆப்பிள் மேப்ஸ், வேஸ் மூன்றிலும் சுங்கச் சாலை வேண்டாம் என்று சொல்லலாம், நெடுஞ்சாலை வேண்டாம் என்று சொல்லலாம். வண்டியின் உயரத்தையோ எடையையோ எழுத இடமே கிடையாது. வாடகைக்குக் கிடைக்கும் 25 அடி மோட்டார்ஹோம், கூரை மேலிருக்கும் ஏ.சி.யோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 12 அடி உயரம். போன் பொய் சொல்வதில்லை. காருக்கான வழியைச் சொல்கிறது, காரில் போகாதவர் அதை வாங்கிக்கொள்கிறார்.

இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் ஓடும்வரை இது வெளியே தெரியாது. அந்தச் சாலைகளின் மேல் வரும் பாலங்களுக்கு ஊருக்கு வெளியே 16 அடி, நகரங்களில் குறைந்தது 14 அடி இடைவெளி என்பது வடிவமைப்பு விதி. “ஆயிரம் மைல் போய்ட்டு வந்தோம், ஒண்ணும் ஆகலையே” என்று சொல்பவர்களைக் காப்பாற்றியது இந்த விதிதான், போன் இல்லை. முன்னால் நெரிசல் என்று கண்டுபிடித்து, ஆறு நிமிடம் மிச்சம் என்று ஆசை காட்டி ஊருக்குள் இறக்கிவிடும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

“பாலத்துக்கு முன்னாடி போர்டு இருக்குமே?” என்பது அடுத்த சமாதானம். வட கரோலினாவின் டர்ஹம் நகரில் கிரெக்சன் தெருவுக்கு மேலே ஒரு ரயில் பாலம் இருக்கிறது. 1940-ல் கட்டியது, உயரம் 11 அடி 8 அங்குலம். பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவர் 2008-ல் கேமரா வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார், பாலம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. வாடகை லாரிகளின் கூரை டின் மூடியைப் பிளந்தாற்போல் சுருண்டு பின்னால் வரும். ஆர்.வி.யாக இருந்தால் ஏ.சி. தனியாகக் கழன்று ரோட்டில் கிடக்கும். அங்கே போர்டு இருந்தது, மஞ்சள் விளக்கு மின்னியது. 2016-ல், உயரமான வண்டி வருவதை உணர்ந்து சிக்னலைச் சிவப்பாக்கி, ‘உயரம் அதிகம், திரும்புங்கள்’ என்று எழுத்தில் ஒளிரவிடும் ஏற்பாடும் வந்தது. அப்படியும் இடித்தார்கள். 2019-ல் பாலத்தைத் தண்டவாளத்தோடு 8 அங்குலம் தூக்கிவிட்டார்கள். இடிப்பது இன்னும் நிற்கவில்லை.

அந்த வீடியோக்களில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. சிவப்பு விழுந்ததும் ஒழுங்காக நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். பச்சை வந்ததும் ஒழுங்காகக் கிளம்பி நேரே போய் இடிக்கிறார்கள். சிவப்பு தனக்காகத்தான் விழுந்தது என்பது உறைக்கவே இல்லை. வருடம் முழுக்க கார் ஓட்டிய கண் கூரையைத் தேடுவதில்லை. அந்த நேரத்தில் போன் வேறு ‘நேராகச் செல்லவும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் யார் பேச்சு எடுபடும்?

உயரம் மட்டும்தான் தகராறு என்றால்கூடச் சமாளிக்கலாம். நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்கு ஆர்.வி.யில் கிளம்பும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஐ-95-ஐப் பிடித்தால் நேரே தெற்கு. பால்டிமோரில் அந்தச் சாலை ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்துக்குள் இறங்குகிறது. ஒரு சிலிண்டரில் 10 பவுண்டுக்கு மேல் புரொப்பேன் ஏற்றிய வண்டிக்கு அங்கே அனுமதி இல்லை. பக்கத்திலிருக்கும் ஹார்பர் சுரங்கத்திலும் இல்லை. ஆர்.வி.யின் அடுப்பும் ஹீட்டரும் எரிவது புரொப்பேனில்தான், அதன் டாங்க் இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட வண்டிகள் நகரைச் சுற்றும் ஐ-695-ல் ஏறி பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போகும். 2024 மார்ச் 26 அதிகாலையில் டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்தது. அதன் பிறகு, நகரின் மேற்குப் பக்கமாக ஐ-695-ஐச் சுற்றிக்கொண்டு போவதுதான் வழி. போனுக்குப் பாலம் விழுந்தது தெரியும், வண்டியில் புரொப்பேன் இருப்பது தெரியாது. மேப்பை அப்டேட் செய்யாமல் கண்ணாடியில் ஒட்டிவைத்த பழைய ஆர்.வி. ஜி.பி.எஸ்.ஸுக்குப் புரொப்பேன் தெரியும், பாலம் விழுந்தது தெரியாது.

ஆகவே, காசைக் கொட்டி நல்ல கருவி ஒன்றை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்கிற எதிர்க்கட்சியோடும் எனக்கு உடன்பாடில்லை. கார்மினும் ரேண்ட் மெக்நாலியும் ஆர்.வி.க்கென்றே கருவி விற்கிறார்கள். ஆர்.வி. லைஃப், கோபைலட் போன்ற ஆப்கள் வண்டியின் அளவுகளைக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்கின்றன. வாங்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவை நாம் எழுதியதைத்தான் நம்பும். 12 அடி 10 அங்குலத்தை 12.1 என்று தட்டிவிட்டால் முக்கால் அடி வண்டி காணாமல் போய்விடும். பிரவுச்சரில் போட்டிருக்கும் உயரத்தில் ஏ.சி.யும் ஆன்டெனாவும் சேர்ந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஏணி போட்டு ஏறி, ஏ.சி. மேல் ஒரு நேரான கட்டையை வெளியே நீட்டி வைத்து, அங்கிருந்து தரைக்கு டேப் பிடித்து அளப்பதுதான் முதல் வேலை. கருவி எது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அளந்து எழுதினாலும் பெட்ரோல் பங்கின் தாழ்ந்த கூரையோ, கேம்ப்கிரவுண்டு வாசலில் கவிந்திருக்கும் கிளையோ எந்த மேப்பிலும் வராது.

பூங்காக்களின் விதிகள் இன்னொரு உலகம். யூட்டாவின் சயான் பூங்காவில் 1.1 மைல் சுரங்கம் ஒன்று உண்டு. 1930-ல் திறந்தது, அந்தக் காலத்துக் கார்களுக்கு அளவெடுத்தது. 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டி வந்தால் எதிர்ப்பக்கத்தை நிறுத்திவைத்து நடுச்சாலையில் ஓட்டிப் போக விடுவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். அந்த ஏற்பாடும் 2026 ஜூன் முதல் கிடையாது, பெரிய வண்டிகள் சுற்றித்தான் போக வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தது. மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் புகழ்பெற்ற கோயிங்-டு-த-சன் சாலையின் மலைப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி நுழைய முடியாது. பம்பரும் அதில் சேர்த்தி. அகலம் 8 அடி, பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து. இதையெல்லாம் அந்தந்தப் பூங்காவின் அறிவிப்பில்தான் படிக்க வேண்டும், அதுவும் கிளம்பும் வாரத்தில்.

மேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடாஹோ ஃபால்ஸிலிருந்து ஜாக்சனுக்கு டீட்டன் கணவாய் வழி கிட்டம். அதில் இறக்கம் 10 சதவீதம். ஆல்பைன் வழியாகப் போனால் கொஞ்சம் சுற்று, ஆற்றோரமாகவே போய்விடலாம். காருக்கு இந்த வித்தியாசம் சில நிமிடம். கனமான வண்டிக்கோ பிரேக் சூடேறிப் பிடிமானம் போய்விடுமா என்ற கேள்வி. நிமிடத்தை மட்டும் எண்ணும் கருவியிடம் இதற்குப் பதில் இருக்காது.

“எந்த ஆப் பெஸ்ட்?” என்ற கேள்வியே கோளாறு. வழியை முடிவு செய்வது ஒரு வேலை, முடிவு செய்த வழியைத் திருப்பத்துக்குத் திருப்பம் வாசிப்பது வேறு வேலை. முதல் வேலை முந்தின இரவு, பெரிய திரையிலோ காகிதத்திலோ நடக்க வேண்டியது. ரேண்ட் மெக்நாலி லாரி ஓட்டுநர்களுக்குப் போடும் அட்லஸில் மாநில வாரியாகத் தாழ்ந்த பாலங்களின் பட்டியல் இருக்கிறது. அட்லஸ் என்றால் சிரிக்கிறவர்கள் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் சிரித்துப் பார்க்கட்டும். வாசிக்கும் கருவியிடம் நான் கேட்பது இரண்டே. நான் போட்ட வழியை அப்படியே பிடித்துக்கொள்கிறதா, அல்லது போனுக்கு மாற்றியதும் தன் இஷ்டத்துக்குத் திருத்துகிறதா? நெட் இல்லாமல் ஓடுமா? இரண்டிலும் தேறாததை எத்தனை ஸ்டார் வாங்கியிருந்தாலும் தொடமாட்டேன். கூகுளுக்கும் இதில் இடம் உண்டு. பங்குக்குள் வண்டியைத் திருப்ப முடியுமா என்று சாட்டிலைட் படத்தில் பார்க்க, கேம்ப்கிரவுண்டு வாசலை ஸ்ட்ரீட் வியூவில் பார்க்க அதைப்போல் வேறில்லை. ஸ்டியரிங்கை மட்டும் அதன் கையில் கொடுக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை போகிறவன் இந்த ஆர்.வி. ஆப்களுக்கெல்லாம் சந்தா கட்டணுமா என்று கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தில் காப்பீடு பற்றிய பக்கத்தைக் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கச் சொல்வேன். கூரையில் ஏற்படும் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் காப்பீட்டிலிருந்து விலக்கியே வைத்திருக்கின்றன, முழுச் செலவும் ஓட்டியவர் தலையில்தான். ஒரு கூரை ஏ.சி.யை மாற்றும் காசில் அந்தச் சந்தாவைப் பல வருடம் கட்டலாம்.