மாடிப்படிக்குக் கீழே நிற்கும் பழைய பைக்... கோளாறு இன்ஜினில் இல்லை, ஒரு குட்டித் துளையில் இருக்கலாம்!

பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய பைக் நிற்கும். ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, புல்லட், இல்லையென்றால் ஆரம்பகால ஸ்ப்ளெண்டர். அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனசு வராது. எப்போதாவது யாராவது தூசி தட்டி, கால் வலிக்கக் கிக்கரை உதைப்பார்கள். சோக் போட்டால் உயிர் வரும். சோக்கை எடுத்ததும் அணைந்துவிடும். "இன்ஜின் போச்சு, பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்று வீட்டில் தீர்ப்பும் வந்துவிடும்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்பதே ஒரு துப்பு. சோக் போடும்போது இன்ஜினுக்கு வழக்கத்தைவிடப் பெட்ரோல் அதிகமாகப் போகும். அது இருந்தால்தான் ஓடுவேன் என்று வண்டி அடம்பிடித்தால், வழக்கமான பாதையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது பெட்ரோல் போகும் பாதை, 'பைலட் ஜெட்' என்ற சின்னப் பித்தளைத் துண்டு. அதன் நடுவில் இருக்கும் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

கார்புரேட்டர் ஒன்றும் மாயப் பெட்டி அல்ல. பழைய கொசு மருந்து பம்ப் ஞாபகம் இருக்கிறதா? காற்று வேகமாகப் போகும்போது கீழே டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலே ஏறித் தெளிக்கும். இங்கேயும் அதே கதைதான். குறுகலான குழாயில் இன்ஜின் காற்றை இழுக்கும்போது, அடியில் இருக்கும் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட் வழியாக மேலே வருகிறது. கிண்ணம் நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்வது 'ஃப்ளோட்' என்னும் மிதவை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து செய்கிற அதே வேலை. புல்லட் போன்ற வண்டிகளின் கார்புரேட்டரில் 'மிக்கார்ப்' என்ற பெயரைப் பார்த்திருக்கலாம். ஜப்பானின் மிக்குனி நிறுவனத் தொழில்நுட்பத்தில் அதைத் தயாரித்தது நம் சென்னையின் யூகால் நிறுவனம்.

வண்டி மாதக்கணக்கில் நின்றால் கிண்ணத்துப் பெட்ரோல் மெல்ல ஆவியாகி, அடியில் வார்னிஷ் போல ஒரு பிசின் தங்கும். அதுதான் துளையை அடைக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் பெட்ரோலிலிருந்து பிரிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். பித்தளையில் பச்சை, உடம்பில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஈரத்தின் கைவரிசை என்று தெரிந்துகொள்ளலாம்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்ததும் புதிய பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. புதிதாகத் தொழிலுக்கு வரும் மெக்கானிக்குகள் கார்புரேட்டரைத் தொடும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் வீட்டிலேயே கழற்றிப் பார்க்கும் ஆசை பலருக்கு வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் பெட்ரோல் சமாசாரம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். வாசலில் வேலை நடந்தாலும் சமையலறை அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவத்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் கூடவே கூடாது. தாகத்தில் வரும் குழந்தைக்கு அது பெட்ரோல் என்று தெரியாது. டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவது, ஜெட்டை வாயில் வைத்து ஊதுவது... இந்த ஒர்க் ஷாப் பழக்கங்களும் வேண்டாம். கொஞ்சம் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனாலும் ஆபத்து.

பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பதை வடித்த பிறகே கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், மாட்டும்போது சண்டை இருக்காது. கழற்றும் சாமான்களைப் போட ஓர் எவர்சில்வர் தட்டு போதும். ஏர் ஸ்க்ரூவின் ஸ்பிரிங்கும் ஓ ரிங்கும் மிளகு, கடுகு சைஸில் இருக்கும். வாசலில் உருண்டால் கிடைக்காது. அந்த ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், மென்மையாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போது அதே எண்ணிக்கை. இதை மறந்தவர்கள்தான் பிறகு வாரக்கணக்கில் டியூனிங் செய்துகொண்டிருக்கிறார்கள்!

கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் ஜப்பானிய அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுசாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் என்று கேட்டு வாங்கினால் பிரச்னை இல்லை.

பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், துளை வழியாக ஒரு புள்ளி ஒளி தெரிய வேண்டும். தெரியவில்லையா? உடனே கை ஊக்கைத் தேடும். அங்கேதான் நிறைய கார்புரேட்டர்கள் கெடுகின்றன. ஊக்கும் ஊசியும் இரும்பு, ஜெட் பித்தளை. ஒரு குத்தில் துளை பெரிதாகிவிட்டால் மைலேஜ் போகும், பிளக் கறுக்கும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, பங்ச்சர் கடைக் காற்றில் ஊதினால் பெரும்பாலும் திறந்துவிடும். பிடிவாதமான அடைப்புக்கு ஒயரிலிருந்து உரித்த ஒற்றைச் செம்புக் கம்பி. அதையும் திணிக்கக் கூடாது. ஸ்ப்ரே அடிக்கும் முன் ரப்பர் வாஷர்களை எடுத்துவிட வேண்டும், கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளை வழியாகக் கண்ணுக்கே பாயும்!

பித்தளைதானே, குத்துவிளக்கு மாதிரி புளி, எலுமிச்சையில் ஊறவைக்கலாமே என்று தோன்றும். பித்தளை பளபளக்கும், உண்மைதான். ஆனால் கார்புரேட்டரின் உடம்பு பித்தளை அல்ல. அந்த உலோகத்தைப் புளிப்பு அரித்துவிடும்.

மாட்டும்போது ஸ்லைடின் வெட்டுப்பட்ட பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் அலறும். அதனால் கிக்கரைத் தொடும் முன் ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திருகி விட்டுப் பார்ப்பது நல்லது. 'டக்'கென்று திரும்பி வர வேண்டும். பெட்ரோல் டேப்பைத் திறந்து ஐந்து நிமிடம் ஒழுகுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். ஒழுகினால், ஃப்ளோட்டின் ஊசி முனையில் தேய்ந்த கோடு விழுந்திருக்கலாம். அது சுத்தம் செய்தால் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐடிலிங் நிற்கவில்லை என்றால், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். தேய்ந்து ஆடும் ஸ்லைடு என்றால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் போவதே புத்திசாலித்தனம்.

வண்டி ஓடிவிட்டது, ஆனால் அடுத்த இரண்டு மாதம் மறுபடி மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கப்போகிறதா? பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் பெரும்பாலும் காலியாகிவிடும், பிசின் படிய அங்கே அதிகம் மிச்சமிருக்காது.