இடக்கைக்கும் ஒரு பாட்டு

வலக்கை பாட, இடக்கை அதற்குத் துணைநிற்பதே பியானோ வாசிப்பு என்று எண்ணுவோர் பலர். இனிய மெட்டை வலக்கைக்கும், நாலைந்து எளிய சுரங்களை இடக்கைக்கும் பிரித்துக் கொடுக்கும் பாடல்களே தொடக்க நூல்களில் மிகுதி. ஆதலால் இவ்வெண்ணம் இளமையிலேயே வேரூன்றிவிடுகிறது. இதற்கு நல்ல மருந்து, செருமானிய இசைப்பேரறிஞர் ஜொஹான் செபாஸ்டியன் பாக் இயற்றிய இன்வென்ஷன் என்னும் சிறு பாடல்களே என்பது என் கருத்து.

அவை 15 ஆகும். தம் மூத்த மகன் வில்ஹெல்ம் பிரீடமனுக்கு ஒன்பது வயது நிரம்பியிருந்தபோது, 1720-ஆம் ஆண்டில், பாக் அவனுக்கென ஒரு பாடப் புத்தகத்தைத் தொடங்கினார். அதில் எழுதிய இப்பாடல்களைத் திருத்தி, 1723-இல் தம் கையாலேயே தனித்தொகுதியாக எழுதிவைத்தார். மாணாக்கருக்கு மாதக்கணக்கில் வெறும் விரற்பயிற்சியே அளித்த ஆசிரியர் அவர். அவர்களுடைய பொறுமை தளரக் கண்டால், அப்பயிற்சியையே உள்ளடக்கிச் சிறு பாடல்கள் எழுதிக்கொடுப்பாராம். 1802-இல் அவர் வரலாற்றை எழுதிய போர்க்கெல் இதனைக் கூறுகிறார். கண்டிப்பினூடே எத்துணைக் கனிவு!

முதற்பாடலைப் பாருங்கள். அதில் 22 தாளக் கட்டங்களே உள்ளன. நம் முறையிற் சொன்னால், ச ரி க ம ரி க ச ப என்னும் எட்டுச் சுரங்களோடு வலக்கை தொடங்குகிறது. அது முடியும் தறுவாயில், இடக்கை ஒரு ஸ்தாயி தாழ்ந்து அவற்றையே எடுத்துக்கொள்கிறது. அப்போது வலக்கை வாய்மூடி நிற்பதில்லை. மெல்ல நடந்துகொண்டே கேட்கிறது. ஏழாம் கட்டத்திலோ இடக்கை முந்துகிறது, வலக்கை பின்தொடர்கிறது. இங்கே ஆண்டானும் இல்லை, அடிமையும் இல்லை.

ஒன்றரை நிமிடத்தில் முடியும் பாட்டுக்கு வாரக்கணக்கில் உழைப்பதா என்று சிலர் கேட்பர். மெட்டு மட்டும் போதுமெனின் உழைக்க வேண்டா. வலக்கைப் பகுதியை இரண்டொரு நாளில் வாசித்துவிடலாம். ஆனால் அது உரையாடலில் ஒருவர் பேச்சை மட்டும் கேட்பது போன்றதன்றோ? நான் சொல்வது இடக்கைப் பகுதியை முதலில் கற்க வேண்டும் என்பதே. நாளொன்றுக்கு இரண்டு கட்டங்கள் போதும். அதனைத் தனியே, மெல்ல, தனிப்பாட்டைப் போலவே வாசிக்க வேண்டும். பிறகு ஒரு பகுதியைக் கையால் வாசித்துக்கொண்டே மற்றதை வாயாற் பாடிப் பார்க்க வேண்டும். முதல்நாள் நாக்கும் விரலும் ஒன்றையொன்று இடறும். அதற்கு நாணுதல் வேண்டா.

விரைவாக வாசித்துக் கைதட்டல் பெறுவோரும் உளர். அவர்கள் பாக் எழுதிய முகப்பை மறந்தவர்கள். இரு குரல்களையும் தெளிவாக வாசிப்பதை அவர் அங்கே முதலிற் குறித்தார். பாடுவதுபோல் வாசிக்கும் திறனை எல்லாவற்றினும் மேலாக வற்புறுத்தினார்.

இறுதிக் கட்டத்தில் அதுவரை மாறிமாறிப் பேசிவந்த இரு கைகளும் ஒரே சுரக்கூட்டில் வந்து நிற்கின்றன. வாசித்து முடித்த மகிழ்ச்சியில் உடனே கையை எடுத்துவிடாதீர்கள். அவ்வொலி அடங்கும்வரை விரல்கள் அங்கேயே இருக்கட்டும்.