பெட்டியில் இல்லாதவை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

எங்கள் கல்லூரி நூலகத்தில் நாளிதழ் படிப்பவர்களுக்கென்று ஒரு நீள மேசை உண்டு. மதிய உணவு முடிந்ததும் நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் அங்கே போய் உட்காருவோம். நான் முதலில் புரட்டுவது வேலைவாய்ப்புப் பக்கத்தை. அவன் புரட்டுவது புதிய கைப்பேசிகளைப் பற்றிய செய்திகள் வரும் பக்கத்தை. தேர்வு முடிவைக் கூட அவன் அத்தனை பரவசத்தோடு பார்த்ததில்லை. "மாப்ள, 200 மெகாபிக்சல்டா! மாப்ள, அஞ்சு நிமிசத்துல முழு சார்ஜ்டா!" என்று அவன் கிசுகிசுக்க, நூலகர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களை நோக்க, அந்த அரைமணி நேரம் இனிதே கழியும்.

அவனுடைய ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்திகளை எப்படிப் படிப்பது என்பதில் எங்கள் இருவருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. புதிதாக எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அவன் பார்க்கிறான். எதை எடுத்துவிட்டார்கள் என்று நான் பார்க்கிறேன். சேர்த்ததைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எடுத்ததைக் கடைசி வரியில் போடுகிறார்கள். பல சமயம் போடுவதே இல்லை. இந்தப் படிப்பு முறையை எனக்குக் கற்பித்தவர் பேராசிரியர் எவரும் அல்லர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தாயார்தாம்.

நடந்ததைச் சொல்லி விடுகிறேன். என் தந்தையார் விசைத்தறி ஓட்டுகிறவர். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் எனக்கு வருகிறது. அதில் மிச்சம் பிடித்து, தந்தையார் கொஞ்சம் போட்டு, சென்ற ஆண்டு ஒரு கைப்பேசி வாங்கினோம். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது தொடுதிரைக் கைப்பேசி அது. பெட்டியைத் திறக்க நால்வரும் சுற்றி உட்கார்ந்தோம். கைப்பேசி இருந்தது. ஒரு வயர் இருந்தது. சிம்மை எடுக்கும் ஊசி இருந்தது. பொடி எழுத்தில் அச்சடித்த காகிதம் ஒன்று இருந்தது. சார்ஜர் இல்லை. என் தங்கை பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியே பார்த்துவிட்டாள்.

பழைய சார்ஜர் இருக்கிறதே என்று எடுத்தோம். அதன் துளை அகலமான பட்டைத் துளை. புதிய வயருக்கோ இரு முனையும் சிறிய நீள்வட்டம். பழைய வயர் பழைய சார்ஜரில் நுழையும். புதிய கைப்பேசியில் நுழையாது. சொத்துத் தகராறில் பேச்சை விட்ட பங்காளிகள் போல நான்கும் நான்கு பக்கம் கிடந்தன. அப்போதுதான் என் தாயார் சொன்னார்: "ஏஞ்சாமி, எண்ணெய் வாங்கப் போறப்ப பாட்டலு நாமதான் கொண்டு போறோம். அதுல ஞாயமிருக்குது. அடுப்பு வாங்கப் போனா பர்னரும் நாமளே கொண்டு போகோணுமா?"

மறுநாள் கடைக்காரரிடம் போய் இதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டேன். "இப்பல்லாம் அப்படித்தானுங்க தம்பி. எல்லார் வீட்டிலயும் ஏற்கெனவே இருக்கும்னு கம்பெனிக்காரங்களே வெக்கறதில்லீங்க" என்றார். 150 ரூபாய்க்கு ஒரு சார்ஜர் எடுத்துக் காட்டினார். கையில் வைத்தால் காலித் தீப்பெட்டி போல இருந்தது. 'ஆர்' என்று தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணைத் தேடினேன், இல்லை. பிறகு 450 ரூபாய்க்கு எண்ணுள்ள ஒன்றை வாங்கி வந்தேன். பணம் போனதைவிட அந்த 'ஏற்கெனவே' என்ற சொல்தான் என்னை அதிகமாகத் தைத்தது.

அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடினேன். 2020 அக்டோபரில் ஐஃபோன் 12-ஐ வெளியிட்டபோது ஆப்பிள் நிறுவனம் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது. காரணம், சுற்றுச்சூழல். எங்கள் சார்ஜர்கள் ஏற்கெனவே 200 கோடிக்கு மேல் உலகில் இருக்கின்றன என்றார்கள். பெட்டி சிறுத்தால், கப்பலுக்குப் போகும் ஒரே சரக்குப் பலகையில் 70 சதவீதம் வரை கூடுதலாக அடுக்கலாம் என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மின்னணுக் குப்பை மலையாகக் குவிவதும் பொய்யில்லை. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். அந்தப் பெட்டியில் அவர்கள் வைத்த வயரின் முனை டைப்-சி. உலகில் இருப்பதாகச் சொன்ன சார்ஜர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய பட்டைத் துளை! பொருந்தும் சார்ஜர் வேண்டுமானால் தனியாக 19 டாலர். சாம்சங் நிறுவனம் இதைக் கேலி செய்து, எங்கள் பெட்டியில் சார்ஜர் உண்டு என்று முகநூலில் படம் போட்டது. மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், அதன் எஸ்21 வந்தது. அதிலும் சார்ஜர் இல்லை. கேலிப் படத்தையும் காணவில்லை.

பிரேசில் நாட்டு அரசு மட்டும் என் தாயார் கட்சி. சார்ஜர் இல்லாத கைப்பேசி முழுமையடையாத பொருள் என்று சொல்லி, 2022 செப்டம்பரில் சார்ஜரற்ற ஐஃபோன் விற்பனைக்குத் தடை போட்டு, ஒரு கோடியே 22 லட்சம் ரியாலுக்கு மேல் அபராதமும் விதித்தது.

அந்த 200 கோடியில் ஒன்றுகூட எங்கள் தறிக்கூடத்துப் பக்கம் வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம். கல்லூரி விண்ணப்பத்தில் 'முதல் தலைமுறைப் பட்டதாரியா?' என்று ஒரு கட்டம் உண்டு. ஆம் என்று எழுதி, அதற்குரிய சான்றிதழையும் இணைத்தவன் நான். ஒருவன் வீட்டில் ஏற்கெனவே பட்டதாரி இல்லாமல் இருக்கலாம் என்பதை அந்தக் கட்டம் ஒப்புக்கொள்கிறது. கைப்பேசிப் பெட்டியைத் திட்டமிடுகிறவர்களிடம் அப்படியொரு கட்டம் இல்லை.

நிற்க. காதில் மாட்டும் வயருக்கான துளைக்கு வருகிறேன். இதை முதன்முதலில் எடுத்தவர்கள் இவர்கள் அல்லர் என்றாலும், ஊரறிய எடுத்ததும் ஆப்பிள் நிறுவனந்தான். 2016 செப்டம்பர், ஐஃபோன் 7. ஏன் எடுத்தீர்கள் என்பதற்கு அதன் அதிகாரி ஃபில் ஷில்லர் மேடையில் சொன்ன காரணங்களுள் ஒன்று 'துணிச்சல்'! எங்கள் ஊரில் எழுபதடிக் கிணற்றின் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பவனுக்குத்தான் அந்தச் சொல்லைச் செலவழிப்போம். அப்போதும் கேலி செய்து விளம்பரம் எடுத்த சாம்சங், 2019 ஆகஸ்டில் நோட் 10 வரும்போது அதே துணிச்சலைப் பெற்றுவிட்டது.

அந்தத் துளை இயற்பியல் மாணவன் கும்பிட வேண்டிய பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையங்களில் பெண்கள் பலகையில் செருகி இணைப்புக் கொடுத்தார்களே, அந்தச் செருகியின் பேரப்பிள்ளை அது. 3.5 மில்லிமீட்டர் தடிமன்; இடது காதுக்கு ஒரு வளையம், வலது காதுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று, பொதுத் தரைக்கு ஒன்று. கேட்பொறிக்குத் தனியாக பேட்டரி வேண்டாம். செருகினால் கேட்கும், பிடுங்கினால் நிற்கும். துளை உள்ளே இடத்தை அடைக்கிறது என்கிறார்கள். இருக்கலாம்.

ஆனால் எங்கள் வீடு தறிக்கூடத்தின் சுவரை ஒட்டியது. தறி ஓடும்போது எங்களுக்குள் கைச்சாடைதான் பேச்சு. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. தங்கை ஏழாம் வகுப்பு. தந்தையார் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி ஒரு கைப்பேசி எடுத்துத் தந்தார். காலையில் எனக்கு, மதியம் தங்கைக்கு, இரவில் தந்தையாருக்கு. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புவார்கள். ஊரடங்கு தளர்ந்து தறிகள் ஓடத் தொடங்கியதும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பேருந்து நிலையத்தில் 60 ரூபாய்க்கு ஒரு இயர்ஃபோன் வாங்கி வந்தோம். நாங்கள் அந்த ஆண்டில் படித்த படிப்பு அந்தத் துளை வழியாக வந்ததுதான்.

ஒரு நாள் நான் பாடம் கேட்டுக் கொண்டிருக்கையில் என் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் குமிழை எடுத்துத் தம் காதில் வைத்துக்கொண்டார். அணு எண்ணைப் பற்றிய பாடம். முழுதும் கேட்டார். "உனக்கென்ன புரிஞ்சுதும்மா?" என்றேன். "எனக்குப் புரியோணும்னா கேட்டேன்? வாத்தியாரு நெசமாலுமே நடத்தறாரான்னு பாத்தேன்" என்றார். பிறகு தினமும் வந்து உட்கார்ந்தார்.

புதிய கைப்பேசியில் அந்தத் துளை இல்லை. வயரில்லாத குமிழ்களை வாங்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஒரு குட்டி பேட்டரி. அவற்றை வைக்கும் டப்பிக்குள் இன்னொன்று. மூன்றையும் ஏற்ற வேண்டும். பேட்டரி செத்தால் குமிழே குப்பை. குப்பையைக் குறைக்கச் சார்ஜரை எடுத்தவர்கள், துளையையும் எடுத்து இதை விற்கிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பேட்டரி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த முதல் கைப்பேசி இரண்டாம் ஆண்டில் பூரி போல உப்பியது. சேவை மையத்தில் பாதி விலை கேட்டார்கள். பத்து நாள் என்றார்கள். பேருந்து நிலையத்துப் பழுதுபார்ப்பவர் சூடு காட்டிப் பின்மூடியை நெம்பி ஒரு மணி நேரத்தில் மாற்றித் தந்தார். தந்தையாரின் பழைய பட்டன் ஃபோனிலோ மூடியைக் கட்டைவிரல் நகத்தால் திறக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி வந்திருக்கிறது: 800 முறை ஏற்றி இறக்கிய பின்னும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும், ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு உதிரி பாகம் கிடைக்க வேண்டும். 800 முறை என்பது நாளுக்கு ஒருமுறை ஏற்றுகிறவனுக்கு இரண்டேகால் ஆண்டு. மூன்று பேர் முறை வைத்துப் பயன்படுத்தி நாளுக்கு இருமுறை ஏற்றும் வீட்டுக்கு அதில் பாதி. விதி நல்லதுதான், என் வீட்டுக் கணக்கு இது.

தோழன் காட்டும் கொட்டை எழுத்து எண்களுக்கும் என்னிடம் கணக்கு உண்டு. 200 மெகாபிக்சல் கேமரா வழக்கமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. 2023 பிப்ரவரியில் ரெட்மி நிறுவனம் 300 வாட் சார்ஜரால் 4100 மில்லியாம்பியர்-மணி பேட்டரியை ஐந்தே நிமிடத்துக்குள் நிரப்பிக் காட்டியது. அதை வீட்டில் சொன்னேன். "கரண்டு எப்ப வரும்னு அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் தந்தையார் தறிக்குப் போய்விட்டார்.

நான் பழையதே போதும் என்கிறவன் அல்லன். எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே துளை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கட்டாயமாக்கியது. அதைக் கைதட்டி வரவேற்கிறேன். இனி ஒரு சார்ஜர் இருந்தால் வீட்டிலுள்ள அனைத்துக்கும் போதும். சார்ஜர் வேண்டாதவர் அது இல்லாமலே வாங்கிக்கொள்ளவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் மிகப் பிடித்தது. சார்ஜர் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதைப் படமாகவே பெட்டியின் மேல் போட வேண்டும். இல்லையென்றால் படத்தின் குறுக்கே ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்கும். நம் நாட்டிலும் ஒவ்வொரு பெட்டியிலும் இது வர வேண்டும் என்பது என் கோரிக்கை. சார்ஜருக்கு மட்டும் போதாது. காதுத் துளைக்கும், மெமரி கார்டுக்கும், கழற்றக்கூடிய பேட்டரிக்கும் படம் வேண்டும். நாளிதழ்கள் '200 மெகாபிக்சல்' என்று எந்த எழுத்தில் அச்சடிக்கின்றனவோ அதே எழுத்தில் 'சார்ஜர் இல்லை' என்றும் அச்சடிக்கட்டும்.

தங்கை இப்போது பிளஸ் டூ. அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போவாள். அவளுக்கும் ஒரு கைப்பேசி தேவைப்படும். அவள் இப்போதே ஒரு பட்டியல் எழுதிக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். முதல் வரி: காதுத் துளை.

போன வாரம் தோழன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். 2025 செப்டம்பரில் வந்த ஐஃபோன் ஏர், காகிதம் போல மெலிந்தது, அதில் சிம் போடும் இடமே கிடையாது, எல்லாம் உள்ளேயே எழுதப்படும் இ-சிம் என்று விரிவாக விளக்கினான். கைப்பேசி கெட்டால் சிம்மைக் கழற்றி பட்டன் ஃபோனில் போட்டுக்கொள்வது எப்படி என்று தந்தையார் கேட்டார். அவன் யோசித்தான். என் தாயார் அவனுக்கு இன்னொரு தோசையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"சார்ஜரு இல்ல, காதுல மாட்டறது இல்ல, இப்ப சிம்மும் இல்லீங்கற. வாங்கறப்ப டப்பாவுக்குள்ள போனாச்சும் இருக்குதான்னு தொறந்து பாத்துக்க கண்ணு."