கடற்கரை தெரிகிறது, ஊர் தெரியவில்லையே!

பிரான்சு நாட்டின் வடக்கே இருக்கிறது, நார்மண்டி கடற்கரை. ஹிட்லரின் பிடியில் இருந்து பிரான்சை மீட்க, 1944-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி நேச நாட்டுப் படைகள் வந்து இறங்கிய இடம் இதுதான். அன்று ஒரே நாளில் கடல் வழியாகவும் வான் வழியாகவும் வந்த வீரர்கள் சுமார் 1 லட்சத்து 56 ஆயிரம் பேர்!

இந்த இடங்களைக் காட்ட, பாரீசில் இருந்து பஸ் புறப்படுகிறது. காலையில் ஏறினால் இரவில் திரும்பி விடலாம்.

முதலில் ஓமகா கரை. மேட்டில் மறைந்திருந்த ஜெர்மானியர்கள் சுட்டுத் தள்ளியதால், அமெரிக்க வீரர்கள் கொத்துக் கொத்தாக விழுந்த மணல். இன்று வெயில் நாட்களில் அங்கே குழந்தைகள் மணல் வீடு கட்டுகிறார்கள். மேட்டின் மேல் கல்லறைத் தோட்டம். 9,300-க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள். வாயாடிகளுக்குக் கூட அங்கே பேச்சு அடங்கி விடும்.

இவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால், வீரர்களின் கதையோடு பயணம் முடிந்து விடுகிறதே! அந்த ஊர் மக்கள் என்ன ஆனார்கள்?

கரையில் இருந்து சுமார் 15 கிலோ மீட்டர் தூரத்தில் கான் என்ற நகரம் இருக்கிறது. முதல் நாளே அதைப் பிடித்து விடுவது என்பது திட்டம். முழுவதும் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஜெர்மானியருக்கு உதவிப் படை வராமல் தடுக்க, சாலைகள் மீதும் பாலங்கள் மீதும் விமானங்கள் குண்டு வீசின. சாலை ஊருக்குள்தானே போகிறது! வீடுகள் இடிந்தன. கான் நகரில் மட்டும் சுமார் 2 ஆயிரம் பேர் மாண்டார்கள். நார்மண்டி முழுவதும் செத்த பொதுமக்கள் சுமார் 20 ஆயிரம் பேர். பெரும்பாலும் குண்டு போட்டது பகைவர் அல்ல, மீட்க வந்தவர்கள்! நன்றி ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். ஊரார் இதை வெகு காலம் உரக்கப் பேசவில்லை.

அந்த நகரில் ஒரு பழைய மடம் இருக்கிறது. 1066-ல் கடல் கடந்து போய் இங்கிலாந்தை வென்றாரே, வில்லியம், அவர் கட்டியது. அவர் கல்லறையும் அங்கேதான். குண்டு மழைக்குப் பயந்து ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். இன்னும் பலர், ஊருக்கு வெளியே கல் வெட்டிய குகைகளில் வாரக் கணக்கில் கிடந்தார்கள்.

சில பஸ்கள் கான் நகர ஓரத்தில் உள்ள போர்க் காட்சி சாலை வரை போகின்றன. பிறகு கடற்கரைக்கு ஓட்டம்! படை இறங்கிய 5 கரைகளும் சேர்ந்து சுமார் 80 கிலோ மீட்டர் நீளம். அத்தனையையும் ஒரே நாளில் பார்க்கப் போனால், பாதி நாள் பஸ் ஜன்னலோடு போய் விடும். அதற்கு ஒரு கரை போதும். மிச்ச நேரத்தில் அந்த மடத்தைப் பார்க்கலாம்.

"விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போன இடத்தில் சாவுக் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் என்ன, கல்யாணக் கதையா சொல்கிறார்கள்?

கான் நகருக்குத் தெற்கே, வில்லியம் பிறந்த பலேஸ் என்ற ஊரில், போரில் சிக்கிய பொதுமக்களுக்கென்றே ஒரு காட்சி சாலை 2016-ல் திறக்கப்பட்டது. கான் நகரில் இருந்து காரில் போனால் ஒரு மணி நேரம் கூட ஆகாது.