மாம்பலத்துக்கு ஒரு நியாயம், வக்ஃபுக்கு ஒரு நியாயமா?

2022 ஏப்ரல் 11, ராமநவமிக்கு மறுநாள். மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையில் உள்ள அயோத்தியா மண்டபத்துக்குள் அறநிலையத் துறை அதிகாரிகள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தார்கள். பஜனை, உபன்யாசம் என்று ஸ்ரீராம் சமாஜம் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திவரும் இடம். சிலை இருக்கு, உண்டியல் இருக்கு, அதனால் இது பொதுக்கோயில் என்பது துறையின் வாதம். பிரதிஷ்டை செய்த மூர்த்தியே இல்லை, படங்களைத்தான் வைத்துக் கும்பிடுகிறோம் என்பது சமாஜத்தின் பதில்.

யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். தக்காரை நியமித்த உத்தரவு 2013 டிசம்பர் 31-ல் போடப்பட்டது. அதைச் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அமர்வு ரத்து செய்தது 2022 ஏப்ரல் 27-ல். சமாஜத்துக்கு உரிய வாய்ப்பு கொடுத்து முறையா விசாரிக்கலை என்பதுதான் காரணம். உத்தரவு போட்டது ஒரு ஆட்சி, உள்ளே போனது இன்னொரு ஆட்சி. அதனால எந்தக் கட்சி மேலேயும் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது.

"அது அவங்க மண்டபம், நமக்கென்ன?" என்று கேட்கிறவங்க நம்ம பக்கத்திலேயும் இருக்காங்க. அவங்களுக்கு ஒரு கேள்வி. வக்ஃப் திருத்தத்தை எதிர்த்து 2025 மார்ச் 27-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டப்போ ஏன் கைதட்டினோம்? ஒரு நிலம் அரசுடையதா, வக்ஃபுடையதா என்பதை அரசு அதிகாரியே முடிவு செய்வார் என்றது அந்தச் சட்டம். வழக்காடுகிறவரே தீர்ப்பும் சொல்வதா என்று கேட்டோம். உச்ச நீதிமன்றமும் செப்டம்பர் 15-ல் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தது. மாம்பலத்தில் நடந்தது வேற என்ன? உரிமை கோரியதும் துறை, முடிவெடுத்ததும் துறை.

சட்டம் இதில் ஊமை இல்லை. அதிகாரிகள் நினைத்தபோதெல்லாம் மடத்துக்குள் நுழையலாம் என்றிருந்த பிரிவை 1954-லேயே சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. சிதம்பரம் வழக்கில், 2014-ல், குறை தீர்ந்ததும் நிர்வாகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பஜனை பாடுறவங்கதான் கோர்ட் படி ஏறணும். அமெரிக்காவில் 1993-ல் வந்த சட்டம் இதைத் திருப்பிப் போட்டது: வழிபாட்டுக்குப் பெரிய இடைஞ்சல் செய்தால், அதற்குக் கட்டாயமான காரணம் இருக்கு, இதைவிட மென்மையான வழி இல்லை என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும்.

1959 அறநிலையச் சட்டத்தில் அந்த மாதிரி ஒரு திருத்தம் வேண்டும் என்கிறோம். நோட்டீஸ், விசாரணை, காலக்கெடு இல்லாமல் யாரும் பொறுப்பேற்கக் கூடாது. கணக்கைத் தணிக்கை செய்யட்டும், திருட்டு இருந்தால் பிடிக்கட்டும், அதில் நமக்குச் சங்கடமே இல்லை. ஆனால் ஒன்று: வழிபாட்டு உரிமை என்ற பேரில் சாதி பார்த்துக் கதவைச் சாத்துகிறவங்களுக்கு இந்தத் திருத்தம் கேடயம் ஆகக்கூடாது. கோயில் நுழைவுக்கு அரசியல் சட்டம் 25-வது பிரிவிலேயே இடம் கொடுத்திருக்கு. அதில் ஒரு எழுத்தும் குறையக்கூடாது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு தோழர்கள் உங்கள் பகுதிக் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகளிடம் இதைப் பேசி, அவங்க சொல்றதை இந்த மாதத்துக்குள் பகுதி அலுவலகத்தில் எழுத்தா கொடுங்க. நம்மோடு உடன்படாதவங்க சொல்வதையும் சேர்த்தே கொடுங்க.