கால் கழுவும் நாளும் கழிவறை கழுவும் நாட்களும்

பெரிய வியாழனன்று கோயிலில் பன்னிரண்டு பேரின் கால்களைப் பங்குத்தந்தை கழுவுகிறார். இயேசு சீடர்களுக்குச் செய்தது அன்றைய அடிமைகளின் வேலை. நம் அம்மாக்களுக்கோ அது அன்றாடம்: தெருக்கூட்டல், ஆஸ்பத்திரிக் கழிவறை. அதுவும் இறைப்பணிதான் என்று மறையுரையில் புகழ்கிறார்கள். இயேசு விரும்பித் துண்டைக் கட்டிக்கொண்டார். நம் கையில் துடைப்பத்தைத் திணித்தது சாதி. மலம் அள்ளுவதை உன்னத சேவை என்ற காந்தியை அம்பேத்கர் 1945இல் வந்த நூலிலேயே சாடிவிட்டார்.

மதம் மாறியும் துடைப்பம் போகவில்லை. 1950 ஆணையால் பட்டியல் சாதி உரிமைதான் போனது.

அன்றாட வேலையில் விசுவாசம் தெரியவேண்டுமா? திருச்சபை நடத்தும் பள்ளி, மருத்துவமனைகளின் சம்பளப் பட்டியலில் முதலில் தெரியட்டும். துப்புரவுப் பணியாளர்கள் நிரந்தரமா, ஒப்பந்தமா? பி.எஃப். பிடிக்கிறார்களா? வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பேரவையிடம் கேட்போம், தோழர்களே.