மீன் தொட்டியில் ஆடை கட்டுகிறதா? மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள்!

பால் ஆறியதும் மேலே ஆடை கட்டுமே, அதேபோல வீட்டு மீன் தொட்டியிலும் சில நாள்களில் தண்ணீருக்கு மேல் ஒரு படலம் வந்து நிற்கும். விளக்கைப் போட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் எண்ணெய் சிந்தியதுபோல வானவில் நிறம் காட்டும். சில தொட்டிகளில் வெள்ளையாக, தூசு படிந்ததுபோல இருக்கும்.

பார்த்ததும் பல வீடுகளில் என்ன செய்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கூழாங்கற்களைக் குழாயடியில் அலசி, ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து, கண்ணாடியைத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடித்து நிரப்புகிறார்கள். மதியம் தொட்டி கடையில் பார்த்ததுபோல மின்னும். அடுத்த சில நாள்களில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். பிள்ளைகள் அழுவார்கள், பெரியவர்கள் கடைக்காரரைத் திட்டுவார்கள். உண்மையில் அந்த மீன்களைக் கொன்றது படலமும் இல்லை, கடைக்காரரும் இல்லை. பெரும்பாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம்தான்.

காரணம் இதுதான். மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து அம்மோனியா உருவாகும். அது மீனுக்கு விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது நல்ல பாக்டீரியாக்கள். அவை குடியிருப்பது கூழாங்கற்களிலும் ஃபில்டர் பஞ்சிலும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அவற்றை அலசினால் பாக்டீரியாக்கள் போய்விடும். மீண்டும் முழுதாக வளர நாலைந்து வாரங்கள் ஆகும். அதுவரை மீன்கள் தங்கள் கழிவிலேயே நீந்த வேண்டியதுதான்.

அதற்காகப் படலத்தை அப்படியே விட்டுவிடலாமா என்றால், கூடாது. தொட்டித் தண்ணீருக்கு ஆக்சிஜன் வருவது மேல்மட்டம் வழியாகத்தான். ஏர் பம்ப்பில் இருந்து வரும் குமிழிகள்கூட, மேலே வந்து உடைந்து தண்ணீரை அசைப்பதால்தான் அதிகம் உதவுகின்றன. குமிழிக்குள் இருக்கும் காற்று கரைவது கொஞ்சம்தான். மேலே படலம் கட்டி, தண்ணீரும் அசையாமல் கிடந்தால் காற்று வரும் வாசல் பாதி சாத்தியதுபோல. வெயில் காலத்தில் இது இன்னும் மோசம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். தொட்டியில் செடிகள் இருந்தால் இரவில் அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பசியால் அல்ல, மூச்சுத் திணறலால் இருக்கலாம்.

படலத்தை எடுக்க ஐந்து நிமிடம் போதும். ஃபில்டரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் அசைவு அடங்கும்வரை காத்திருங்கள். வாசனை சேர்க்காத வெள்ளை டிஷ்யூ பேப்பர் ஒன்றைத் தண்ணீர்மேல் மெதுவாக விரியுங்கள். அது ஊறிக் கிழிவதற்குள் ஒரு முனையைப் பிடித்து அப்படியே இழுத்து எடுத்துவிடுங்கள். படலம் பேப்பரோடு வந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்தால் தண்ணீர் கண்ணாடிபோல ஆகிவிடும். டிஷ்யூ இல்லையா? ஒரு டம்ளரை நேராகப் பிடித்து, அதன் விளிம்பு தண்ணீருக்குள் மயிரிழை இறங்கும்வரை அழுத்துங்கள். மேல்தண்ணீர் மட்டும் படலத்தோடு சேர்ந்து டம்ளருக்குள் வழியும். சோப்பு, வினிகர் என்று எதையும் சொட்டுவிட்டுப் பார்க்க வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயை விரட்டும்தான், மீனின் செவுளையும் சேர்த்துப் பதம் பார்த்துவிடும். மீன்களை வெளியே எடுக்க வேண்டிய தேவையே இல்லை. பேப்பரையும் டம்ளரையும் வேண்டுமானால் பிள்ளைகளிடமே கொடுக்கலாம், ஆர்வமாகச் செய்வார்கள்.

எடுத்த படலம் இரண்டே நாளில் மறுபடி வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் சந்தேகம் தீனிமேல். காலையில் குழந்தை ஒரு கை போடும், மதியம் தாத்தா கொஞ்சம் போடுவார், ஆபீஸ் விட்டு வந்த அப்பா 'பாவம், பசிக்குமே' என்று இன்னும் கொஞ்சம். மீன் தீனியில் எண்ணெய்ச் சத்தும் புரதமும் உண்டு. தின்னாமல் கிடப்பது ஊறி, அழுகி, பாக்டீரியாவுக்கு உணவாகி, மேலே ஆடையாக நிற்கிறது. தீனி டப்பா வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் போட வேண்டாம்.

அடுத்த சந்தேகம் சமையலறை. ஹாலும் கிச்சனும் ஒட்டியிருக்கும் ஃபிளாட்டுகளில் வடை சுட்ட எண்ணெய்ப் புகை வந்து படிய மீன் தொட்டியும் ஓர் இடம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையைத் தொட்டிக்குள் விடுவதும் அப்படித்தான். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையையும் தள்ளியே வையுங்கள்.

கொசுவிரட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுருள், திரவம், ஸ்பிரே பலவற்றிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுவதுதான் ஏர் பம்ப்பின் வேலை, எனவே மருந்தும் கூடவே உள்ளே போகும். தொட்டி இருக்கும் அறையில் இவற்றைப் பயன்படுத்தாமல் கொசுவலை கட்டிக்கொள்வதே நல்லது.

விரலால் படலத்தைக் கீறிப் பார்த்தாலும் ஒரு துப்புக் கிடைக்கும். எண்ணெய் என்றால் உடனே ஒன்றுசேர்ந்துகொள்ளும். பாக்டீரியா படலம் என்றால் கிழிந்து துண்டு துண்டாக நிற்கும். போர் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் ஒரு வாளியில் தண்ணீரைப் பிடித்து இரண்டு நாள் சும்மா வைத்துப் பாருங்கள். வாளியிலும் வானவில் நிறப் படலம் வந்தால் தண்ணீரில் இரும்பு அதிகம் இருக்கலாம். தீனியைக் குறைத்து அங்கே பயனில்லை, தண்ணீரை மாற்ற வழி தேட வேண்டும். தொட்டி வைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தால் கவலை வேண்டாம். புதுத் தொட்டியில் படலம் வருவதும் தானாக அடங்குவதும் வழக்கம்.

நிரந்தரத் தீர்வு தண்ணீரை அசைய விடுவதுதான். ஃபில்டரின் வாய் தண்ணீருக்குள் ஆழத்தில் இருந்தால் அடித்தண்ணீர் மட்டும் சுற்றும், மேல்மட்டம் அப்படியே கிடக்கும். வாயைச் சற்று மேலே தூக்கி, தண்ணீர் சலசலக்கும்படி திருப்பிவிடுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றமே போதும். மேல்படலத்தை உறிஞ்சுவதற்கென்றே ஸ்கிம்மர் என்ற கருவி விற்கிறது. செடிகள் அடர்ந்த தொட்டிக்கு அது உதவும். நாலு கப்பி வளர்க்கிறவர்களுக்கு அது வீண் செலவு, குட்டி மீன்களையும் சேர்த்து உறிஞ்சிவிடும் ஆபத்தும் உண்டு.

கரன்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஃபில்டரை நிறுத்துபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய தொட்டி ஃபில்டர் 5 வாட் என்றால், நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு மூன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் வரும்.

தண்ணீர் மாற்றுவது வாரம் ஒருமுறை கால்பங்கு போதும். குழாய்த் தண்ணீர் என்றால் ஒருநாள் திறந்த வாளியில் வைத்துவிட்டோ, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டோ ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை, தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிவிடலாம். படலத்தை எடுத்து, தண்ணீரை அசையவிட்ட பிறகும் மீன்கள் மேலே வந்து திணறினால் அம்மோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவது நல்லது. திடீரென்று கரன்ட் போனால்? ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, காபி ஆற்றுவதுபோல உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து தடவை ஊற்றினால் சமாளித்துவிடலாம்.

ஃபைட்டர் மீன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம். செவுளோடு, மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பும் அதற்கு உண்டு. அதனால் மேல்மட்டம் திறந்திருக்க வேண்டும், ஆனால் வேகமான நீரோட்டம் ஆகாது. தொட்டி மூலையில் சின்னச் சின்னக் குமிழிகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அது அழுக்கு நுரை அல்ல. ஆண் ஃபைட்டர் முட்டைகளுக்காகக் கட்டிய கூடு. டிஷ்யூ பேப்பர் போடும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள்.